காரணத்தை எழுதித் தாருங்கள்

நான் வழக்காடாத சட்டத்தரணி. பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா ஷப்பலில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர் பரிதாபப்படுகிறார்கள். கறுப்பு அங்கி ஒன்று என்னிடமும் உண்டு. சத்தியப்பிரமாணம் எடுத்த நாளில் போட்டதோடு சரி, புறநகர்ப் பொண்டியில் அம்மாவின் அலுமாரிக்குள் பூச்சி உருண்டை மணத்தோடு தொங்குகிறது. பாராளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலம் வரும்போது அதில் எந்த வரியை மாற்றவேண்டும், எந்த வசனத்தைச் சேர்க்கவேண்டும் என்று திருத்தங்கள் எழுதுவதுதான் என் வேலை. யாராவது ஒரு பாராளுமன்ற உறுப்பினர் அதைப் படித்து, பிடித்திருந்தால் தன் பெயரில் தாக்கல் செய்வார். எழுதிய எங்கள் பெயர் எங்கேயும் இராது.

அம்மாவுக்கு இது இன்றுவரை சரிப்பட்டு வரவில்லை.

"அப்புக்காத்தெண்டா கோட்டிலை நிண்டு கதைக்கவேணும். நீ என்னடி, மற்றாக்கள் வாசிக்கிறதை எழுதிக் குடுத்துப்போட்டுச் சும்மா இருக்கிறாய்," என்பார். அந்தச் 'சும்மா'வைக் கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும்.

பாரிசில் இந்த வேலை செய்பவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. பெரிய தெரு ஒன்றின் பின்பக்கம், முதலாம் மாடியில் ஓர் அறை, நீள்வட்ட மேசை, மேசையைச் சுற்றி இருபது பேருக்கு உட்பட்ட சட்டத்தரணிகள். பாராளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கும் வாய்ப்பு, பாராளுமன்றக் குழு விசாரணைகளுக்கான அழைப்பு எல்லாம் அந்த மேசை வழியாகத்தான் வரும். வெளியே இருப்பவர் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். நான் சேர விரும்பியதற்கு அதுதான் முதற் காரணம். அந்த மேசையில் என் நிறத்தில் ஒரு முகம்கூட இருந்ததில்லை என்பது இரண்டாவது காரணம். அது நல்ல காரணம் அல்ல என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

சேர்வது சுலபமில்லை. ஓர் ஆண்டு வேட்பாளராக மேசையின் கோடியில் உட்காரவேண்டும். பிறகு ஒரு நாள் சொந்தமாக ஒரு சட்ட வசனம் எழுதிவந்து, எழுந்து நின்று வாசிக்கவேண்டும். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் முறை வைத்து அதை உடைக்கப் பார்ப்பார்கள். எங்கே ஓட்டை, யார் தப்பிக்கலாம், எந்தச் சொல்லைப் பிடித்து இழுத்தால் முழுவதும் கழன்று விழும் என்று. உடையாமல் நின்றால் சங்கத்தின் திருத்தமாக அது ஒரு பாராளுமன்ற உறுப்பினரிடம் போகும். போகுமுன் தலைவர் பென்சிலால் கடைசியாக ஒரு பார்வை பார்ப்பார். தலைவரின் கை பட்ட தாளை அதன் பிறகு வேறு யாரும் தொடக்கூடாது. எழுதி வைத்த விதியல்ல இது. ஆனால் எழுதி வைத்த விதிகளைவிட இதைத்தான் அவர்கள் அதிகம் மதித்தார்கள்.

என்ன வசனம் எழுதுவது என்று நான் யோசிக்கத் தேவை இருக்கவில்லை. அது எனக்குள் ஓர் ஆண்டாகக் குத்திக்கொண்டிருந்தது.

போர் முடிந்த அடுத்த ஆண்டு வன்னியிலிருந்து வந்த ஓர் அக்கா லா ஷப்பலில் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூப்பு. அவருடைய வதிவிட அட்டையைப் புதுப்பிக்கவேண்டியிருந்தது. நான் மொழிபெயர்க்க அரச அலுவலகத்துக்குக் கூடப் போனேன். விடிய முன்னமே வரிசையில் நின்று, கவுண்டருக்குப் போனால், பத்திரக் கட்டைத் திருப்பித் தள்ளினார்கள். முதல் முறை முகவரிக்கான அத்தாட்சி பழையது. இரண்டாம் முறை மொழிபெயர்ப்பில் முத்திரை தெளிவில்லை. மூன்றாம் முறை கவுண்டரில் இருந்த பெண், இந்தக் கவுண்டர் இல்லை என்றார். எந்தக் கவுண்டர் என்று கேட்டேன். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"தங்கச்சி, ஏன் எடுக்கேல்லையெண்டு ஒரு துண்டிலை எழுதித் தரச் சொல்லுங்கோ."

"அப்பிடித் தரமாட்டினம் அக்கா."

"ஏன் தரமாட்டினம்? வேலையை விட்டுப்போட்டு மூண்டு தரம் வந்தாச்சு. வெறுங்கையோட போய் முதலாளிக்கு என்னத்தைச் சொல்லுறது? நான் இஞ்சை வந்ததையே அவர் நம்புறாரில்லை. எழுதித் தரட்டும், நான் போறன்."

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் காது கேட்காதவர்போல இருந்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. காவலாளி ஒருவர் எங்களை நோக்கி நடந்து வரத் தொடங்கினார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. அங்கே நான் சட்டத்தரணி என்பதை மறந்துபோனேன். பொண்டியில் வளர்ந்த ஒரு பிள்ளை, சத்தம் போடாமல் இருந்தால்தான் நல்ல பெயர் என்று பழக்கப்பட்ட பிள்ளை, அவ்வளவுதான்.

"எழும்புங்கோ அக்கா, சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

நான் அவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எழும்பினார். காவலாளிக்கு அவர் எழும்பியிருக்கமாட்டார், எனக்காக எழும்பினார். அட்டை காலாவதியானதும் முதலாளி அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஐந்தாம் முறைதான் பத்திரக் கட்டை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, அட்டை வந்த பிறகுதான் அவர் அதே கடைக்குத் திரும்பினார். அந்த இரண்டு மாதத்துக்குக் கவுண்டர் பாதிப் பொறுப்பு, நான் பாதிப் பொறுப்பு என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

ஆகவே என் முறை வந்தபோது சங்கத்தில் எழுந்து நின்று இதை வாசித்தேன்: 'கவுண்டரில் ஒரு விண்ணப்பத்தை ஏற்க மறுப்பவர், மறுப்பதற்கான காரணத்தை அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டு விண்ணப்பித்தவரிடம் கொடுக்கவேண்டும்.'

உடைக்கத் தொடங்கினார்கள். வரிசை நீளமாக இருந்தால் எழுத நேரம் ஏது என்று ஒருவர் கேட்டார். மறுக்க நேரம் இருந்தால் எழுதவும் இருக்கும் என்றேன். கையெழுத்திடுவோருக்கு ஆபத்து வராதா என்று இன்னொருவர். பெயர் வேண்டாம், அலுவலக இலக்கம் போதும் என்று மாற்றினேன். தாடி வைத்த ஒருவர் எங்கள் தொழிலின் பழைய ஆயுதத்தை எடுத்தார். பிரான்சில் பாராளுமன்ற உறுப்பினரின் திருத்தம் அரசுக்குச் செலவை உண்டாக்கினால் விவாதத்துக்கு முன்னரே அதைத் தள்ளிவிடலாம்.

"காகிதம் செலவு அல்லவா, மேத்ர்?" என்றார். சட்டத்தரணியை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"ஆட்களைத் திருப்பி அனுப்ப, கொண்டுவரவேண்டிய பத்திரங்களின் பட்டியலை இப்போதும் காகிதத்தில்தான் கொடுக்கிறார்கள். அதன் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதில் எழுதட்டும்," என்றேன்.

சிரித்தார்கள். வசனம் நின்றது. அப்போது எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க, உட்கார்ந்து, மேசையின் கீழே கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தாள் தலைவரிடம் போனது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருப்பவர். நரைத்த மனிதர், மெதுவாகப் பேசுவார், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என் வசனத்தில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மேலே இருந்த எண்ணை மட்டும் மாற்றினார். என் வசனத்தை அப்போது பாராளுமன்றத்தில் இருந்த ஒரு சட்டமூலத்தின் பதினான்காம் பிரிவில் சேர்க்கும்படி நான் எழுதியிருந்தேன். அவர் பதினான்கை வெட்டிப் பதினொன்று என்று போட்டார்.

ஏன் போட்டார் என்பதைச் சொல்லவேண்டும். முன்பெல்லாம் அரசாங்கம் கொண்டுவரும் சட்டமூலம் அப்படியே சபைக்கு வரும். சபை அதன்மேல்தான் விவாதிக்கும். 2009இல் நடைமுறை மாறியது. முதலில் பாராளுமன்றக் குழு ஒன்று அதைத் திருத்தும். குழு திருத்திய வடிவம்தான் சபைக்கு வரும். வரவுசெலவுத் திட்டம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் பழைய முறை தொடர்ந்தது. எங்கள் தலைவர் ஆயுள் முழுக்க வரவுசெலவுத் திட்டச் சட்டங்களில் வேலை செய்தவர். அவர் மேசையில் இருந்தது அரசாங்கத்தின் வடிவம். அதில் அந்த விடயம் பதினோராம் பிரிவில் இருந்தது. குழுவோ பதினோராம் பிரிவை நீக்கி, அதில் இருந்ததைப் பதினான்காம் பிரிவுக்குக் கொண்டுபோயிருந்தது. நேற்று வந்த ஒருவர் இந்தப் பிழையை விடமுடியாது. இதை விடுவதற்கு முப்பது ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

நான் கவனித்தேன். அதுதான் என் வெட்கம்.

"ஐயா, குழுவின் வடிவத்தில்..." என்று தொடங்கினேன்.

"மேத்ர், சட்டமூலம் சட்டமூலம்தான்," என்றார், அன்பாக. தாளை மடித்தார்.

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. தலைவரின் கை பட்ட தாளைத் தொடக்கூடாது. கவுண்டரில் சனம் பார்க்கிறது என்று அக்காவை எழுப்பியவள், மேசையில் பெரியவர்கள் பார்க்கிறார்கள் என்று அடங்கினேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையம் வரை நடந்தே வந்தேன். தலைவர் பென்சிலால் எழுதிய அந்தத் தாளின் பிரதி ஒன்று என் பைக்குள் இருந்தது.

சபை கூடிய பிற்பகலில் அலுவலகத்தில் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் திருத்தத்தின் முறை வந்தது. பதினோராம் பிரிவு நீக்கப்பட்டுவிட்டதால் இந்தத் திருத்தத்துக்கு இடமில்லை என்று சபையை நடத்தியவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். இடித்த வீட்டுக்கு மேல்மாடி கட்டக் கேட்டதுபோல ஆகிவிட்டது. எதிர்த்துப் பேசித் தோற்கடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அந்த வசனத்தை யாரும் வாசிக்கவே இல்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் என்னைச் சேர்ப்பதா இல்லையா என்று வாக்கெடுப்பு. நான் உள்ளே போகுமுன் செயலாளர் மேலங்கிகள் தொங்கும் இடத்தில் என்னை மறித்தார். சுறுசுறுப்பான மனிதர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர்.

"இந்த ஆண்டு வேண்டாம் என்று நினைக்கிறோம்," என்றார். "எண்ணில் பிழை விட்டுவிட்டீர்கள். கூட்டக் குறிப்பிலும் வேட்பாளரின் பிழை என்றுதான் போயிருக்கிறது. நீங்களாகவே விண்ணப்பத்தை விலக்கிக்கொண்டால் வாக்கெடுப்பே தேவையில்லை. உங்களுக்கும் மரியாதை."

"என்னைச் சேர்க்காத காரணத்தை எழுதித் தருவீர்களா?"

"இப்படியானவற்றை நாங்கள் எழுதுவதில்லை, மேத்ர்."

எனக்கு வந்தது கோபமா என்று தெரியவில்லை. கவுண்டர்க் கதிரையில் அக்கா இருந்த இருப்பு கண்ணுக்குள் வந்தது. எழுதித் தரட்டும், நான் போறன். எவ்வளவு சின்ன விடயத்தைக் கேட்டிருக்கிறார் அந்த மனுசி! நான் உள்ளே போய் மேசையின் கோடியில் என் கதிரையில் உட்கார்ந்தேன்.

வாக்கெடுப்பின்போது வேட்பாளர் வெளியே போய் நிற்பது வழக்கம். என் விடயம் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் போகவில்லை," என்றேன். "விலக்கிக்கொள்ளவும் இல்லை. என்னைச் சேர்க்க விருப்பமில்லை என்றால் காரணத்தை எழுதித் தாருங்கள். வாங்கிக்கொண்டு எழும்புகிறேன்."

"இது பிடிவாதம், மேத்ர்," என்றார் தலைவர்.

"ஓம்," என்றேன். வாயில் தமிழ் வந்துவிட்டது. திருத்தவில்லை.

செயலாளர் கதவைப் பிடித்தபடியே நின்றார். தாடிக்காரர் என் வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். பிறகு நிறுத்திக்கொண்டார். தலைவர் பென்சிலால் எண்ணை மாற்றிய பிரதியை என் பையிலிருந்து எடுத்து, எழுத்து கீழ்ப்பக்கம் பார்க்க, மேசையில் வைத்தேன். திருப்பிக் காட்டவில்லை. காட்டியிருந்தால் சண்டை ஓர் எண்ணைப் பற்றியதாகப் போயிருக்கும். எனக்கு எண் பெரிதில்லை. முகத்துக்கு நேரே கதவைச் சாத்துபவர், ஏன் சாத்துகிறேன் என்று ஒரு துண்டில் எழுதவேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது, அன்றைக்கு அதற்காக எதையும் இழக்கத் தயாராக இருந்தேன்.

தலைவர் அந்தத் தாளைப் பார்த்தார். அதன் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சங்கத்தின் பெயர் அச்சிட்ட ஒரு தாளை இழுத்து, பேனாவைத் திறந்து, எழுதத் தொடங்கினார். வேட்பாளரை உறுப்பினராக ஏற்பதில்லை எனச் சங்கம் தீர்மானிக்கிறது, ஏனெனில்...

பேனா நின்றது.

நாங்கள் எல்லோரும் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேட்பாளரின் பிழை என்று எழுதினால் பொய். உண்மையை எழுதினால் அவருடைய பென்சில். எங்களுக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்பதைப் பிரெஞ்சில் எவ்வளவு அழகாக எழுதினாலும் அது அதுதான். தலைவர் தாளைச் செயலாளர் பக்கம் தள்ளினார்.

"நீங்கள் முடியுங்கள்."

செயலாளர் கதவை விட்டுவிட்டு வந்து தாளைக் குனிந்து பார்த்தார். தலைவரின் கை பட்ட தாள். அவர் அடுத்தவரிடம் தள்ளினார். அவர் தனக்கு அடுத்தவரிடம். இப்படியே அது மேசையைச் சுற்றி வந்தது, ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை, கடைசியில் கோடியில் இருந்த என்னிடம் வந்து சேர்ந்தது. நான் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வாக்கெடுப்பை என் கண்முன்னாலேயே நடத்தினார்கள். அதற்கு முன் அங்கே அப்படி நடந்ததில்லை. என்னைச் சேர்த்துக்கொண்டார்கள், எல்லோரும் கையை உயர்த்தவில்லை. தலைவர் கடைசியாக உயர்த்தினார். கூட்டக் குறிப்பில் அந்த வரியை வெட்டும்படி செயலாளரிடம் சொன்னார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்த்திருக்கவில்லை.

நேரே ரூ பெர்தொனேக்குப் போனேன். மதியச் சாப்பாட்டுச் சனம் போய்விட்டிருந்தது. அக்கா ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார். தாளை விரித்துக் காட்டினேன்.

"என்ன போட்டிருக்கு?"

"என்னைச் சேர்க்கமாட்டமாம், ஏனெண்டால் எண்டு போட்டு அப்பிடியே விட்டிட்டினம்."

"பேந்து?"

"எழுத ஏலாமப் போச்சு. சேத்துப்போட்டினம்."

அக்கா மாக் கையோடு சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில், ஓர் ஆண்டுக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு நான் உங்களை எழுப்பியிருக்கக் கூடாது."

சிரிப்பு நின்றது. அவர் ஒரு ரோல்ஸைச் சுற்றி முடித்துத் தட்டில் வைத்தார்.

"ஓம், கூடாதுதான்," என்றார். "அந்தக் கவுண்டர்ப் பொம்பிளையிலை எனக்குக் கோவமில்லை. நீர் கையைப் பிடிச்சு இழுத்தனீர், அதுதான் இப்பவும் கோவம். இரும், சூடா ரெண்டு பொரிச்சுத் தாறன்."

இருந்தேன். சாப்பிட்டேன். அந்தக் கோபம் எனக்கு உரியது. அதை ஆற்றித் தரும்படி நான் கேட்கவில்லை.

அந்த வசனம் இன்னும் சட்டமாகவில்லை. அடுத்த சட்டமூலத்தில் சரியான எண்ணோடு கொடுத்தோம், விவாதித்துத் தோற்கடித்தார்கள். அதற்கடுத்ததில் தொடர்பில்லை என்று தள்ளினார்கள். ஒருமுறை கையெழுத்திட்ட பாராளுமன்ற உறுப்பினரே கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார். இப்போது பல இடங்களில் கவுண்டரே இல்லை. முன்பதிவு கேட்டால் கணினித் திரை ஒன்று நேரமில்லை, நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் 'கவுண்டரில்' என்பதற்குப் பக்கத்தில் 'அல்லது திரையில்' என்று சேர்த்துக்கொண்டேன். தலைவர் ஓய்வுபெற்றுவிட்டார். சங்கத்தில் நான் தாளை எடுக்கும்போதே, மறுபடியும் அந்த வசனமா என்று தாடிக்காரர் தலையில் கை வைக்கிறார். ஓம், மறுபடியும் அந்த வசனம்தான் என்று நான் எல்லோருக்கும் கேட்கத் தமிழிலேயே சொல்கிறேன்.

போன வாரமும் ஒரு சட்டமூலம் வந்திருக்கிறது. குழுவின் வடிவத்தை வைத்துப் பிரிவின் எண்ணை மூன்று தரம் சரிபார்த்து, தாளின் மேலே நானே பேனாவால் எழுதினேன். இதையும் மறுக்கலாம். காரணத்தை எழுதித் தரும்வரை நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பப்போவதில்லை.